படையலுக்கு ஒரு விஸ்கி சவர்

முட்டையை அடுப்பு மேடை விளிம்பில் ஒரே தட்டு. ஓடு இரண்டாகப் பிளந்தது. மஞ்சள் கருவை இந்த ஓட்டிலிருந்து அந்த ஓட்டுக்கும் அந்த ஓட்டிலிருந்து இந்த ஓட்டுக்கும் மாற்றி மாற்றி விட, வெள்ளை மட்டும் வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் இறங்கியது. செண்பகவல்லிக்கு இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. முன்னறையில் சாம்பிராணி போட்டாயிற்று, புகை அடுப்படி வரைக்கும் வருகிறது. அங்கே மாலை போட்ட படம், படத்துக்குள் மாசிலன். ஊருக்குத்தான் மாசிலன், எழுத்தாளர் மாசிலன், பரிசு வாங்கின மாசிலன். அவளுக்கு மாசிலாமணி, அதுவும் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்; மற்றபடி "என்னங்க". போய்ச் சேர்ந்து இன்றைக்கு ஒரு வருஷம். இலை போட்டு அயிரை மீன் குழம்பு, கோலா உருண்டை, அவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிற பருப்புப் பொடி என்று எல்லாம் வைத்தாயிற்று, கோப்பை ஒன்றுதான் பாக்கி. செத்தவருக்குப் பிடித்ததை வைக்காத படையல் என்ன படையல்? சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, கள்ளுக் குடித்தவருக்குக் கள்ளு. மாசிலனுக்கு விஸ்கி சவர். "அத்தை, எல்லாரும் வந்துட்டாங்க, அந்த கிளாஸ் மட்டும்தான்..." என்று மருமகள் மஞ்சுளா நிலைப்படியில் நின்று இழுத்தாள். "இந்தா வாரேன், நீ போ." வாரேன் என்று சொல்லிவிட்டாள், எதைக் கொண்டு வருவதாம்? மகன் நன்மாறன் வாங்கிவந்த விஸ்கிப் பாட்டில் மேடைமேல் நிற்கிறது. பக்கத்திலேயே, வந்தவர்களுக்கு டீ போட்டது போக மிஞ்சின டிகாக்‌ஷன், பாத்திரத்தில் ஆறிக் கிடக்கிறது. இரண்டும் ஒரே நிறம். அந்த நிறம்தானே அவளை இந்தப் பாடு படுத்துகிறது. கடைசி ஆறு வருஷமும் மாசிலன் குடித்தது விஸ்கி இல்லை, டீ. அவர் கையில் கொடுத்தவள் அவள்தான். வேறு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இன்றைக்காவது அந்த மனுஷனுக்கு நிஜத்தை வைத்துவிட வேண்டும் என்று விடிகிறபோதே முடிவு செய்துவிட்டாள்.

ஓட்டைத் தூரப் போட்டுவிடக் கூடாது, அளவே அதுதான். பாதி ஓட்டால் இரண்டு அளவு விஸ்கி, ஒரு அளவு எலுமிச்சைச் சாறு, ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சீனிப்பாகு. அமெரிக்காவில் எழுத்தாளர்களைக் கூட்டிவைத்து மாதக்கணக்கில் சோறு போடுகிற ஊர் ஒன்று இருக்கிறதாமே, அங்கே போனவர் கொண்டுவந்த பழக்கம். பெட்டியைத் திறந்தால் தனக்கு ஒரு சேலையாவது இருக்கும் என்று குனிந்து பார்த்தவளுக்கு வந்ததெல்லாம் காம்பு வைத்த ஒரு கண்ணாடிக் கோப்பையும் இந்தச் செய்முறையும்தான். மதுரையில் அன்றைக்குச் சரியான வெயில். "செண்பகம், நம்ம ஊரு எலுமிச்சைக்கு இது எப்படி இருக்கும் தெரியுமா?" என்று சின்னப்பிள்ளை மாதிரி அடுப்படியில் வந்து நின்றார். "ஏங்க, குடிக்கிற சனியனுக்கு முட்டை வேற கேக்குதா?" என்றாள். கேட்டது. முதல் தடவை கரண்டியால் கலக்கினாள். ரசத்தில் முட்டையை உடைத்து ஊற்றினாற்போல் திரிதிரியாக மிதந்தது. அவர் அதையும் முகம் சுளிக்காமல் குடித்தார், அதுதான் அவர் குணம். ரெண்டாம் தடவை காலியான காபித்தூள் பாட்டிலில் எல்லாவற்றையும் ஊற்றி, மூடியை இறுக்கி, ஐஸ் போடாமல் ஒரு குலுக்கு, அப்புறம் ஐஸ் போட்டு ஒரு குலுக்கு. மேல்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, மத்தியானத்துல மோர் கடையுறீங்க?" என்றாள். "ஆமா, உங்க அண்ணனுக்கு." விரல்கடை உயரத்துக்கு வெள்ளை வெளேர் என்று நுரை கட்டியது. அதன்மேல் பேக்கரியில் கேக்குக்கு வைக்கிற சிவப்புச் செர்ரி ஒன்று. அப்படியே ஆகாசத்துக்குப் போய்விட்டார் மனுஷன். வெள்ளிக்கிழமை மட்டும் நுரை கிடையாது. வெள்ளிக்கிழமை அவள் அடுப்படியில் முட்டை உடைக்க மாட்டாள். விஸ்கி ஆகும், முட்டை ஆகாதா, இது என்னடி நியாயம் என்று கேட்டார். அடுப்படி நியாயம் என்றாள். புரட்டாசியில் ஒரு மாசமே நுரையில்லாமல் போனது. அதையும் எழுதினார், பெருமையாகத்தான் எழுதினார்.

எழுதினதுதான் வினை. ஒரு வாரப் பத்திரிகையில் அந்திக் கோப்பையைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதிவிட்டார். புளிப்பு முதலில் நாக்கைத் திட்டும், இனிப்பு சமாதானம் சொல்லும், பின்னாலேயே விஸ்கி வந்து தோளில் கை போடும், எல்லாவற்றுக்கும் மேலே என் வீட்டுக்காரியின் நுரை என்று. அவ்வளவுதான், கதையைப் படித்தவனைவிடக் கோப்பையைப் படித்தவன் அதிகம். திருப்பூரிலிருந்து வந்தான், காரைக்காலிலிருந்து வந்தான், வருகிறவன் எல்லாம் கக்கத்தில் ஒரு பாட்டிலோடு வந்தான். எதிர்ச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, அவள் தட்டில் கோப்பையோடு வருவதைச் சாமி புறப்பாடு பார்க்கிறாற்போல் பார்த்தான். யாராவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், நீங்க சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டானா? சோணைமுத்து அண்ணன் கேட்பார், அவரைச் சொல்லக் கூடாது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மாசிலனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி, எது எழுதினாலும் முதலில் படிக்கிறவர். சனிக்கிழமை தவறாமல் வருவார். அவருக்கு இந்த நுரை ஆகாது. "முட்டை நாத்தம் எனக்கு ஒத்துக்காது தங்கச்சி, வெறும் தண்ணி ஊத்திக் குடு" என்பார். அதனால் அவருக்குத் தனி டம்ளர், மாசிலனுக்குக் கோப்பை. அந்தத் தனி டம்ளர் எத்தனை பெரிய உபகாரம் என்று அவருக்குத் தெரியாது. ஒருத்தர் கோப்பையை ஒருத்தர் ருசி பார்க்கிற கூட்டாளிகளாக இருந்திருந்தால் அவள் குட்டு முதல் சனிக்கிழமையே உடைந்திருக்கும். உடைந்திருக்கலாம். உடைந்திருந்தால் தேவலை. எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் வைத்து மேடையில் உருட்டினாள், நறுக்கினாள், பிழிந்தாள், விதையை விரலால் தடுத்தாள். விரலில் ஒரு சின்ன வெட்டு இருந்திருக்கிறது, சாறு பட்டுச் சுரீர் என்றது.

"அம்மா, ஹெல்ப் பண்ணட்டுமா?" நன்மாறன். "வேணாம்ப்பா, நீ போய் அவங்களோட இரு." பிள்ளையும் அப்பனைப் போலவே அடுப்படிக்குள் ஒரு கால் வைத்து ஒரு காலை வெளியே வைத்துத்தான் நிற்பான். அன்றைக்கும் இப்படித்தான் நின்றான், ஈரல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு. ஈரல் வீங்கியிருக்கிறது, இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் அவளைத்தான் பார்த்துச் சொன்னார், அவரைப் பார்க்கவில்லை. குடிக்கிறவனை விட்டுவிட்டு ஊற்றிக் கொடுக்கிறவளுக்குக் கட்டளை. ஆட்டோவில் வரும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மாட்டுத்தாவணிப் பக்கம் வந்தபோது, "அந்த நேரத்துலதான் செண்பகம் எனக்கு எழுத வருது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள், கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பாள், தீர்ந்திருக்கும். அந்தக் குரல்தான் அவளைக் கெடுத்தது. கொடுத்தால் மனுஷன் போய்விடுவார், கொடுக்காவிட்டால் எழுத்தாளன் போய்விடுவான், இரண்டு பேரில் யாரை வைத்துக்கொள்வது? பேராசைக்காரி, இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். அன்று சாயங்காலம் ஓர் ஓட்டு விஸ்கி, ஓர் ஓட்டு டிகாக்‌ஷன். குறை சொல்லாமல் குடித்தார். அடுத்த வாரம் அரை ஓட்டு. அதற்கடுத்து ஒன்றுமே இல்லை. கடுந்தேயிலையைக் கசக்கக் கசக்கக் காய்ச்சி ஆறவைத்து, சாறு, பாகு, வெள்ளைக்கரு, ஒரு கிராம்பைத் தட்டிப் போட்டு ஒரு குலுக்கு. வாசனைக்கு என்ன செய்ய? விளக்குத்திரிக்கு வைத்திருக்கிற பஞ்சில் கொஞ்சம் கிள்ளி, விஸ்கியில் நனைத்து, கோப்பையின் விளிம்பைச் சுற்றி ஒரு ஒற்று. மூக்கு குடித்துவிட்டால் நாக்கு கேள்வி கேட்காது. பாட்டில் குறைய வேண்டுமே என்று தினமும் இரண்டு ஓட்டு அளந்து சிங்கில் ஊற்றினாள். ஆறு வருஷம் இந்த வீட்டில் குடித்துக் கிடந்தது சாக்கடைதான்.

நெஞ்சைத் தொட்டுச் சொல், செண்பகம், பயத்தில் மட்டும்தானா செய்தாய்? பொய் சொன்னால் படத்துக்கு முன்னால் நிற்க முடியாது. சந்தோஷமாகவும் இருந்தது. ஆமாம், இருந்தது. அத்தனை அறிவாளிகளும் சுற்றி உட்கார்ந்து, "ஐயாவுக்கு ரெண்டு மடக்கு உள்ள போனாத்தான் பேச்சே களைகட்டும்" என்று தலையாட்டும்போது, கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் சிரித்திருக்கிறாள். தட்டுச் சுமந்து சுமந்து மரத்துப்போன கைக்கு அது ஒரு கூலி. உங்கள் ஐயா குடிப்பது டீயடா, மக்கு ராசாக்களா. ஒரு விமர்சகர் அவருடைய கடைசிப் புத்தகத்தைப் பற்றி, இந்தக் கதைகளில் அந்திக் கோப்பையின் போதை ததும்புகிறது என்று எழுதினார். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள், தனியாக. இன்னொருத்தர், மாசிலனுக்குப் பழைய காரம் போய்விட்டது, கதையெல்லாம் கண்ணாடி போலத் தெளிந்து சப்பென்று இருக்கிறது என்று எழுதினார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, ராத்திரி சோறும் இறங்கவில்லை. என் டீதான் அந்தக் காரத்தைத் தின்றுவிட்டதோ? விஸ்கி ஊற்றியிருந்தால் ஒரு வருஷம் இருந்தாலும் அந்த ஒரு வருஷத்தில் அவர் நினைத்திருந்த அந்தப் பெரிய நாவலை எழுதியிருப்பாரோ? எழுதுவேன் எழுதுவேன் என்று ஆறு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தாரே. இல்லை, எழுத மாட்டார், போய்ச் சேர்ந்திருப்பார், பேத்தியைப் பார்த்திருக்க மாட்டார். அந்தப் பேத்தி அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாளே, அது விஸ்கி கொடுத்ததா, டீ கொடுத்ததா? டீ கொடுத்தது. அப்புறம் என்ன? அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஆஸ்பத்திரிப் பேச்சுதான். அதை இப்போது நினைக்கக் கூடாது, அளவு தப்பிப்போகும்.

பாகு இருக்கிறது, கிராம்பு இருக்கிறது, செர்ரி வாங்கச் சொன்னேனே, வாங்கியிருக்கிறான். பாட்டில் மூடியைத் திருகினாள். குப் என்று அந்த வாசனை. ஒரு வருஷமாக இந்த வீட்டில் இல்லாத வாசனை. அவருடைய சட்டையின் வாசனை அது, தலையணையின் வாசனை, ஆரம்ப காலத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு பூராக் கதையையும் வாயால் சொல்வாரே, அந்த மூச்சின் வாசனை. டீக்கு மாறின பிறகு அந்த மூச்சு மாறிவிட்டது. மாறிவிட்டதே! இத்தனை நாளும் இது தோன்றவில்லை பார். அவர் மூச்சு மாறினது அவளுக்குத் தெரிகிறபோது, நாக்கில் விஸ்கி இல்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பாவற்காயின் கசப்பை மூன்று பக்கத்துக்கு எழுதின ஆள். அடுத்த வீட்டுக் குழம்பில் கொத்தமல்லி கருகிவிட்டது என்று இங்கிருந்தே சொல்கிற மூக்கு. தெரியும், முதல் நாளே தெரியும். ஓர் ஓட்டு விஸ்கியும் ஓர் ஓட்டு டிகாக்‌ஷனும் கலந்து கொடுத்த அன்றைக்கே ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கை நல்லா வந்திருக்கு, செண்பகம்" என்றாரே. அதற்கு முன்னால் என்றைக்காவது அப்படிச் சொல்லியிருக்கிறாரா? அன்றிலிருந்து தினமும் சொன்னார். தினமும். சே. நடித்தது தான் ஒருத்திதான் என்று அல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "செண்பகம்மா, நேரமாகுதும்மா, பன்னிரண்டுக்குள்ள சூடம் காட்டணும்" என்று யாரோ பெரியவர் முன்னறையிலிருந்து சத்தம் கொடுத்தார். ஆகட்டும், ஆகட்டும். கை தன்பாட்டுக்கு வேலையில் இருந்தது. ஓட்டால் அளந்தது, ஊற்றியது, மூடியை இறுக்கியது, குலுக்கியது.

குலுக்கக் குலுக்க அந்தப் பேச்சு வந்தேவிட்டது. வராமல் எங்கே போகும்? ஆஸ்பத்திரியில் அந்தச் சாயங்காலம், நன்மாறன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். ஈரல் இல்லை, கடைசியில் நெஞ்சுதான் காலை வாரியது. மூக்கில் குழாய். ஜன்னலில் வெயில் இறங்குகிற நேரம், அவருடைய நேரம். கையை அசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார். குனிந்தாள். "செண்பகம், ஒண்ணு கேக்கட்டுமா? இத்தனை வருஷமா நீ சாயங்காலம் குடுத்தது விஸ்கிதானா?" அடிப்பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு சின்னச் சிரிப்புக்கூட இருந்தது. ஆமாங்க, டீதான், உங்களை விட எனக்கு மனசில்லை என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு அவள் நாக்கு என்ன தேய்ந்தா போயிருக்கும்? பயந்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்கு வருகிற பயம். ஆறு வருஷத்துப் பொய் நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது, கூப்பிடுமுன்னே வந்துவிட்டது. "பின்ன என்னவாம்? விஸ்கிதான். உங்களுக்கு நான் வேற எதைக் குடுப்பேன்?" கொஞ்சம் எரிச்சல் காட்டியே சொன்னாள், பொய் பலமாக நிற்க வேண்டுமே. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்னச் சிரிப்பு மெல்ல அவிந்துவிட்டது. "அப்பச் சரி" என்றார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் விடியவில்லை அவருக்கு. அப்பச் சரி. அப்பச் சரி. சோறு வடிக்கும்போது, துணி காயப்போடும்போது, பேத்திக்குத் தலை பின்னும்போது, அப்பச் சரி. தனக்குத் தெரிய வேண்டும் என்றா கேட்டார்? தெரிந்ததைத்தானே கேட்டார். இவள் சுமந்துகொண்டு திரிகிறாளே, போகிறதுக்குள் இறக்கி வைக்கட்டும் என்று கேட்டார். அவளுக்காகக் கேட்டார். மன்னிக்கிறதற்கு என்று வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மனுஷனை வெளியிலேயே நிற்க வைத்து அனுப்பிவிட்டாள். கண்ணீர் வந்து மூக்கு நுனியில் நின்றது. கோப்பைக்குள் விழுந்துவிடப் போகிறதே என்று புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கோப்பை தயாராக இருந்தது. பொன் நிறம், மேலே விரல்கடை நுரை, நுரைமேல் செர்ரி.

தட்டில் வைத்துக்கொண்டு நடந்தாள். முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர், எழுந்து வழிவிட்டார்கள். பதிப்பகத்துத் தம்பி இன்பராஜ் நினைவு மலர் ஒன்று போடுகிறானாம், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து வருவதைப் படம் எடுத்தான். எடுத்துக்கொள். இலைக்கு வலப்பக்கமாகக் கோப்பையை வைத்தாள். குடியுங்கள், இன்றைக்கு நிஜம், ஒரு சொட்டுக்கூடத் தேயிலை இல்லை என்று மனசுக்குள் சொன்னாள். சொல்லும்போதே வாய்விட்டுச் சொல்லத் துணிச்சல் இல்லாததும் தெரிந்தது. விஸ்கியை வைத்துவிட்டால் வாயைத் திறக்காமலே கணக்குத் தீர்ந்துவிடும் என்று அல்லவா பார்க்கிறாள், கெட்டிக்காரி. நன்மாறன் சூடம் காட்டினான். எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். பேத்தி விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு செர்ரியைப் பார்த்தாள். காக்கைக்கு வைக்கச் சோற்றை எடுத்துக்கொண்டு மஞ்சுளா மாடிக்குப் போனாள். இனிக் கோப்பை. படையலில் வைத்ததைக் கொட்டக் கூடாது, போனவரோடு சேர்ந்து குடித்தவர்தான் அதை எடுக்க வேண்டும். நன்மாறன் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்துச் சோணைமுத்துவிடம் நீட்டினான். "மாமா, நீங்கதான்." "எனக்கு இந்த நுரை..." என்று ஆரம்பித்தவர், படத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரிடா, உனக்காகக் குடிக்கிறேன். நீ போனதுக்கப்புறம் நாத்தம் என்ன, வாசம் என்ன" என்று படத்தோடு பேசிவிட்டு, கோப்பையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், ஒரு பெரிய மடக்காக எடுத்தார்.

எடுத்தவர் அப்படியே நின்றார். தொண்டைக் குழி ஒரு கணம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு விழுங்கினார். கோப்பையைப் பார்த்தார். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். வாழ்நாள் பூராவும் குடித்த மனுஷன், அவர் நாக்கை ஏமாற்ற முடியுமா? அந்தப் பார்வை வந்து பட்டதும்தான் செண்பகவல்லிக்குத் தன் கை ஞாபகம் வந்தது. அந்தக் கை என்ன செய்தது? பாட்டிலைத் திறந்தது, திறந்து பஞ்சை நனைத்தது. விளிம்பில் ஒற்றியது. பாட்டிலை மூடி ஓரமாகத் தள்ளியது. அப்புறம் ஓட்டை எடுத்துக்கொண்டு பாத்திரத்துக்குப் போனது, டிகாக்‌ஷன் பாத்திரத்துக்கு. ஒன்று, இரண்டு. அவள் ஆஸ்பத்திரியில் நின்று அழுதுகொண்டிருந்த நேரத்தில் இந்தக் கை பழைய வேலையைப் பழையபடியே, ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல், செய்து முடித்துவிட்டது. ஐயோ. படையலிலுமா? செத்தவன் இலையிலுமா? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சார், அதே ருசியா?" என்று இன்பராஜ் போனைக் கிட்டே கொண்டுபோனான். எல்லாரும் சோணைமுத்துவின் வாயைப் பார்த்தார்கள். அவர் மீசையில் ஒட்டின நுரையை நிதானமாகத் துடைத்தார். அவளைப் பார்த்து இமைக்காமல் சொன்னார். "பின்ன? விஸ்கின்னா இதுதான்டா விஸ்கி. தொண்டையில எரியுது பாரு. தங்கச்சி கை தங்கச்சி கைதான்." எல்லாரும் கலகலவென்று சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். காப்பாற்றிவிட்டார். நல்ல மனுஷன், கேட்காமலே காப்பாற்றிவிட்டார். இனி யாருக்கும் தெரியாது, மலரில் அச்சாகிவிடும், பேத்தி பெரியவளாகிப் படிப்பாள். தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு இலையை எடுக்கக் குனிந்தால் போதும்.

குனியத்தான் பார்த்தாள். முடியவில்லை.

"அண்ணே, அது விஸ்கி இல்லை" என்றாள்.

"தங்கச்சி, நீ சும்மா இரு" என்றார் சோணைமுத்து, மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"இருந்தேனே அண்ணே, போதும்."

"என்னம்மா சொல்றீங்க?" என்று நன்மாறன் கிட்டே வந்தான். இன்பராஜ் போனை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கூட்டத்தில் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு எட்டு நடந்து படத்துக்கு நேராகப் போய் நின்றாள். எப்போதோ எடுத்த படம், கண் கேமராவைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறது. இந்தப் பக்கம் பாருங்கள் என்று சொல்லவா முடியும்?

"அன்னைக்குக் கேட்டீங்கள்ல," என்றாள். குரல் உடைந்தது, உடைந்தால் உடைந்துவிட்டுப் போகிறது. "டீதாங்க. ஆறு வருஷமும் டீதான் குடுத்தேன்."